நீரிழிவு இல்லை, சுகர்தான்

ஆரம்ப சுகாதார நிலையத்தில் சுகர், பிரஷர் பார்க்கிற நாள். அம்மாவோடு வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எதிர்ச் சுவரில் 'தொற்றா நோய்களை அறிவோம், தடுப்போம்' என்று பெரிய பிளெக்ஸ். பயிற்சிக்கு வந்திருந்த மாணவி ஒருத்தி பக்கத்து நாற்காலிப் பாட்டியிடம் படிவத்தைப் பார்த்துக் கேட்டாள்: "பாட்டி, உங்களுக்கு நீரிழிவு நோய் இருக்கா?"

"அதெல்லாம் எனக்குக் கிடையாது கண்ணு." குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது.

மாணவி 'இல்லை' கட்டத்தில் டிக் அடித்தாள். "சரி, இன்னைக்கு எதுக்கு வந்தீங்க?"

"சுகர் மாத்திரை தீந்துபோச்சு."

அந்த டிக்கைப் பிறகு திருத்தினாளா என்று பார்க்க முடியவில்லை, எங்கள் டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள். பாட்டியின் காதில் 'நீரிழிவு' ஏதோ நீர் போகிற கோளாறாக விழுந்திருக்க வேண்டும். நாலு பேர் நடுவில் அதைக் கேட்டால் கோபம் வராதா? இத்தனைக்கும் கேட்டவளும் தமிழ், பதில் சொன்னவரும் தமிழ், படிவமும் தமிழ்.

பல மொழி பேசும் நாட்டில் சுகாதாரச் செய்தியைக் கொண்டு சேர்ப்பது கஷ்டம் என்று பேச்சு வந்தால், உடனே மொழிகளின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். எண்ணிக்கை மிரட்டக்கூடியதுதான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மக்கள் தங்கள் தாய்மொழி என்று சொன்ன பெயர்களை அப்படியே எழுதியபோது 19,569 பெயர்கள் சேர்ந்தன. சலித்துப் பிரித்து, பத்தாயிரம் பேருக்கு மேல் பேசும் மொழிகள் 121 என்று முடித்தார்கள். அரசியல் சாசனத்தின் எட்டாவது அட்டவணையில் இருப்பவை 22. ஆனால் 121 மொழியிலும் போஸ்டர் அடித்துவிட்டால் வேலை முடிந்துவிடும் என்றால், தமிழ்நாட்டில் அந்தப் பாட்டிக்குச் சிக்கலே வந்திருக்கக் கூடாது. செய்தி பெரும்பாலும் டெல்லியில் ஆங்கிலத்தில் பிறக்கிறது, இந்திக்குப் போகிறது, அங்கிருந்து மாநிலத் தலைநகரங்களுக்கு வருகிறது. மொழிபெயர்ப்பு என்பது அச்சகத்துக்குக் கொடுப்பதற்கு முந்தின நாள் வேலை. 'ரத்தசோகை' என்று அச்சாகிறது. வீட்டில் நாம் சொல்வது 'ரத்தம் கம்மி'.

பெயர் வைப்பதில் டெல்லி எப்படித் தடுமாறும் என்பதற்கு நம் ஊரோடு தொடர்புடைய ஒரு கதை உண்டு. 1960-களில் அரசு மலிவு விலையில் ஆணுறை விற்கத் திட்டம் போட்டபோது, முதலில் யோசித்த பெயர் 'காமராஜ்'. காமதேவனை மனதில் வைத்து யாரோ சொன்னது. வடக்கத்திக் காதுக்கு அழகான பெயர்தான். அப்போது காங்கிரஸ் கட்சியின் தலைவர் யார் என்று நல்லவேளையாக யாருக்கோ ஞாபகம் வந்தது. பெயர் கைவிடப்பட்டு, 1968-ல் 'நிரோத்' என்ற சமஸ்கிருதப் பெயரோடு கடைக்கு வந்தது. மூன்று, 15 காசு. அதைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோனவர்கள் ப்ரூக் பாண்ட், லிப்டன் போன்ற டீத்தூள் கம்பெனிக்காரர்களும் இந்துஸ்தான் லீவர், ஐ.டி.சி. போன்ற பெரிய விற்பனை நிறுவனங்களும். எந்தத் தெருவில் எந்தக் கடைக்காரர் எப்படிப் பேசினால் சரக்கு எடுப்பார் என்பது சுகாதாரத் துறையைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதை ஒப்புக்கொண்டு வேலையை அவர்களிடம் கொடுத்த அன்றைய அதிகாரிகளை மெச்சத்தான் வேண்டும்.

அதே காலத்தில்தான் தலைகீழ் சிவப்பு முக்கோணமும் வந்தது. தீப் தியாகி என்ற அதிகாரியின் யோசனை அது. எந்த மொழியிலும் எழுத்துக்கூட்ட வேண்டாம், சுவரில் முக்கோணத்தைப் பார்த்தாலே குடும்பக் கட்டுப்பாடு என்று புரியும். பிற்பாடு வேறு பல நாடுகளும் அதை எடுத்துக்கொண்டன. நல்ல சின்னம்தான், சந்தேகமில்லை. அப்புறம் நெருக்கடி நிலை வந்தது. 1976-77-ல் மட்டும் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைச் சிகிச்சைகள். ஆள் பிடிக்க ஆசிரியர்களுக்கும் தலையாரிகளுக்கும் இலக்கு கொடுத்தார்கள், பல இடங்களில் பலவந்தமும் நடந்தது. 'இது உன் நன்மைக்குத்தான்' என்று சர்க்கார் ஆள் வாசலில் வந்து நின்றால் உள்ளே ஓடி ஒளிய வேண்டும் என்று வட இந்தியக் கிராமங்கள் கற்றுக்கொண்டது அந்த ஆண்டுகளில்தான்.

கால் நூற்றாண்டு கழித்து அந்தக் கணக்கு போலியோவில் வந்து தீர்ந்தது.

பல்ஸ் போலியோ 1995-ல் நாடு முழுக்கத் தொடங்கியது. 'தோ பூந்த் ஜிந்தகி கீ', அதாவது வாழ்வுக்கு இரண்டு சொட்டு, என்ற வாசகமும் அமிதாப் பச்சனும் எல்லா வீட்டு டிவிக்கும் போய்ச் சேர்ந்தார்கள். செய்தி தெரியாதவர் என்று யாரும் இல்லை. ஆனாலும் 2002-ல் 1,600 குழந்தைகளுக்குப் போலியோ வந்தது, பெரும்பகுதி உத்தரப் பிரதேசத்தில். மேற்கு மாவட்டங்களின் முஸ்லிம் குடியிருப்புகளில், சொட்டு மருந்து குடித்தால் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்ற பேச்சு பரவியிருந்தது. இதை அறியாமை என்று ஒதுக்குவது சுலபம். அந்த வாசலில் நின்று யோசித்துப் பாருங்கள். சாக்கடை கட்ட ஆள் வரவில்லை, ரோடு போட வரவில்லை, காய்ச்சலுக்கு மாத்திரை கேட்டாலும் ஆஸ்பத்திரியில் கிடைக்காது. இந்த ஒரு மருந்தை மட்டும் இலவசமாக, வீடு தேடி, மாதம் தவறாமல், வேண்டாம் என்றாலும் விடாமல் கொண்டுவருகிறார்கள். போன முறை சர்க்கார் இவ்வளவு அக்கறையாக வந்தது எதற்கு என்று வீட்டுப் பெரியவருக்கு ஞாபகம் இருக்குமே.

இதற்குப் பதில் இன்னொரு விளம்பரம் இல்லை என்று புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. 2000-களின் தொடக்கத்தில் யுனிசெஃப் உதவியோடு அந்தந்தத் தெருப் பெண்களையே எடுத்து ஒரு வலையமைப்பு கட்டினார்கள். வெள்ளை கோட்டு போட்ட வெளியூர் ஆள் சொல்வதும், மூன்றாம் வீட்டு மருமகள் தன் பிள்ளை வாயில் சொட்டு விட்டுக்கொண்டே சொல்வதும் ஒன்றாகுமா? அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகம், ஜாமியா மில்லியா போன்ற இடங்களின் பேராசிரியர்கள் வந்து பேசினார்கள். இமாம்கள் முகாம் நாளைப் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். போட்டு முடித்த குழந்தையின் சுண்டுவிரலில் மை. வீட்டுச் சுவரில் சாக்பீஸால் 'பி' எழுதியிருந்தால் எல்லாப் பிள்ளைக்கும் ஆயிற்று, 'எக்ஸ்' என்றால் பாக்கி. எக்ஸ் வீட்டுக்கு மறுபடியும் போவார்கள். போகும்போது சொட்டு மருந்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. வயிற்றுப்போக்கு, தாய்ப்பால், கை கழுவுவது என்று வீட்டுக்காரர்கள் கேட்கிற எதற்கும் பதில் சொல்லப் பழகினார்கள். என் கணிப்பில் திருப்பம் அங்கேதான். சர்க்கார் தன் காரியத்துக்கு மட்டும் வருகிறது என்ற மனக்குறைக்கு முதல் முறையாக ஏதோ பதில் கிடைத்தது.

அதோடு எல்லாம் சுபமாக முடியவில்லை. 2009-ல்கூட 741 பேர், உலகத்திலேயே அதிகம். கழிவுநீரிலும் நெரிசலிலும் வளரும் குழந்தைக்குப் பல தவணை கொடுத்தாலும் எதிர்ப்பு சக்தி சரியாக வருவதில்லை என்பதும் காரணம், எல்லாப் பழியையும் வதந்தி மேல் போட முடியாது. பீகாரில் கோசி ஆற்று வெள்ளப் படுகையில் ஊருக்குள் போவதே பெரும்பாடு. கடைசி நோயாளி மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில், 2011 ஜனவரி 13-ல். 2014 மார்ச் 27-ல் போலியோ இல்லை என்ற சான்றிதழ் வந்தது.

இதெல்லாம் படிப்பறிவு குறைந்த வடக்கே நடப்பது என்று நாம் இங்கே நிம்மதியாக இருந்தோம். 2017 பிப்ரவரியில் தட்டம்மை-ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியது. தமிழ்நாடு, கர்நாடகம், கோவா, புதுச்சேரி, லட்சத்தீவில் முதல் கட்டம். ஒன்பது மாதத்திலிருந்து 15 வயது வரை, தமிழ்நாட்டில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கும் அதிகமான பிள்ளைகள். வாட்ஸ்அப்பில் ஊசிக்கு எதிரான ஆடியோ சுற்றியது. பள்ளிக்கூடங்களில் பெற்றோர் கையெழுத்துப் போட மறுத்தார்கள், சில பள்ளிகள் தாங்களே ஒதுங்கின, முகாமை மார்ச் வரை நீட்டிக்க வேண்டி வந்தது. எனக்கு வந்த ஆடியோக்களில் ஒன்று "அக்கா, அண்ணா, ஒரு நிமிஷம் கேளுங்க, நானும் ரெண்டு பிள்ளைக்குத் தாய்தான்" என்று ஆரம்பித்தது. அதற்கு மறுப்பாக வந்த தாள் 'பொதுமக்கள் ஆதாரமற்ற வதந்திகளை நம்ப வேண்டாம் எனக் கேட்டுக்கொள்ளப்படுகிறது' என்ற தமிழில் இருந்தது. அப்படிக் கேட்டுக்கொள்வது யார்? பொய்யின் தமிழ் உண்மையின் தமிழைவிட நன்றாக இருந்தது, அவ்வளவுதான் விஷயம்.

எழுத்தே வேண்டாம், படம் போதும் என்பவர்களும் உண்டு. பெரியம்மையை ஒழித்தபோது அது பலித்தது. முகமெல்லாம் கொப்புளத்தோடு இருக்கும் குழந்தையின் படம் போட்ட அட்டையை வீடு வீடாகக் காட்டி, 'இப்படி யாருக்காவது வந்திருக்கா?' என்று கேட்டார்கள். சொல்பவருக்குப் பணம் என்று அறிவித்து, நோய் அரிதாக ஆக ஆகத் தொகையை ஏற்றினார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை தானாகப் பரவிய நோயாளி இல்லை. அந்தப் படத்தில் இருந்தது நோயே, எதற்கும் உருவகம் இல்லை. புகையிலை பாக்கெட்டில் வந்ததைப் பாருங்கள். 2009 மே 31 முதல் படத்தோடு எச்சரிக்கை கட்டாயம் என்றார்கள். மெல்லும் புகையிலைக்குக் கொடுத்த படம் ஒரு தேள். விஷம் என்று புரிந்துகொள்வார்களாம். பெட்டிக்கடையில் குதிரை மார்க், மயில் மார்க் என்று மார்க் சொல்லித்தான் சாமான் வாங்குகிற நாடு இது. பாக்கெட்டில் தேள் இருந்தால் அது தேள் மார்க் புகையிலை. பிறகு வாய்ப் புற்றுநோயின் படத்தையே போட்டார்கள். 2016 ஏப்ரலில் இருந்து பாக்கெட்டின் இரு பக்கமும் 85 சதவீதம் எச்சரிக்கைக்கு என்று ஆனது.

பேசக் கூச்சப்படுகிற நோய் என்றால் கதை இன்னும் சுவாரசியம். 2003 வாக்கில் தமிழ்நாட்டுச் சுவர்களிலும் பஸ்களிலும் 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று கேள்வி மட்டும் எழுதியிருந்தது ஒரு தலைமுறைக்கு மறக்காது. எய்ட்ஸ் விழிப்புணர்வு விளம்பரத்தில் வந்த கற்பனை ஆள் அவன். மும்பையில் அவன் பெயர் பல்பீர் பாஷா, ஆந்திரத்தில் புலிராஜா. டீக்கடையில் யாரும் உச்சரிக்காத ஒரு விஷயத்தை அந்தக் கேள்வி உச்சரிக்க வைத்தது. வகுப்பில் ராஜா என்று பெயர் இருந்த பையன்கள் பட்ட பாடு தனிக் கதை. ஆனால் மும்பை விளம்பரத்தில் பல்பீர் பாஷா போய்வரும் 'மஞ்சுளா' என்ற பெண்ணிடமிருந்துதான் நோய் வருகிறது என்கிற தோற்றம் இருந்ததைப் பெண்கள் அமைப்புகள் சுட்டிக்காட்டின. நியாயமான குறைதான். செய்தி போய்ச் சேர்ந்தது, கூடவே ஒரு பழியும் ஓசியில் பயணம் செய்தது.

அந்த மாதிரிப் பழிக்கு கோவிட் காலத்தில் ஒரு வார்த்தையே போதுமானதாக இருந்தது. 'சோஷியல் டிஸ்டன்ஸ்' என்பதைத் தமிழில் 'சமூக விலகல்' என்றார்கள், 'சமூக இடைவெளி' என்றார்கள். யார் யாரைத் தொடலாம், யார் எந்தத் தெருவுக்குள் வரலாம் என்று நூற்றாண்டுகளாக விலக்கி வைத்த சமூகத்தில் இந்தச் சொல்லை யோசிக்காமல் போடலாமா என்று அப்போதே பலர் கேட்டார்கள். உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் உடல் இடைவெளி என்ற பொருள்படும் சொல்லுக்கு மாறியது. இங்கே பழையதுதான் ஒட்டிக்கொண்டது. போனை எடுத்தாலே லொக் லொக் என்று இருமிய அந்த காலர் டியூனை எல்லோரும் திட்டினோம். ஆனால் அதில் ஒரு வரி நன்றாக இருந்தது: நாம் போராட வேண்டியது நோயோடு, நோயாளியோடு அல்ல. அடைத்த தகரத்துக்குள் அடுத்த வீடு இருந்தபோது அந்த வரி காதில் விழத்தான் செய்தது.

தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் தளமோ ஆங்கிலத்தில்தான் ஆரம்பித்தது. ஊசி போடத் தொடங்கியது 2021 ஜனவரி 16, மற்ற மொழிகள் வந்தது ஜூனில். அந்த முதல் சுற்றிலும் தமிழ் இல்லை, இங்கிருந்து எதிர்ப்பு எழுந்த பிறகே சேர்த்தார்கள். அந்த இடைவெளியில் எங்கள் தெருவுக்கே பதிவு செய்து கொடுத்தவன் செல்போன் கடைப் பையன் ஒருவன்.

இதில் நமக்குக் கோபப்பட உரிமை உண்டு. அதே கோபத்தை ஒரு ஒடிசாக்காரி திருப்பூரில் நம்மேல் காட்டினால் என்ன சொல்வோம்? பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண் ஐந்தாம் மாதச் செக்கப்புக்கு வருகிறாள். சுவரெல்லாம் தமிழ். நர்ஸ் உரக்கப் பேசினால் புரியும் என்று நினைத்து உரக்கப் பேசுகிறார். கேரளம் இந்த விஷயத்தில் முந்திக்கொண்டது, கோவிட் காலத்தில் வெளிமாநிலத் தொழிலாளிகளுக்கு இந்தி, வங்காளம், ஒடியா என்று அவரவர் மொழியில் செய்தி கொடுத்தார்கள். நீலகிரியில் இருளரிடமும் குறும்பரிடமும் தமிழில் பேசிவிட்டு அது தாய்மொழியில் பேசியதாகக் கணக்கு எழுதுவதும் நாம்தான்.

கணக்கு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். சுகாதாரத் துறையில் இந்த வேலைக்கு 'ஐ.இ.சி.' என்று பெயர், அதாவது தகவல், கல்வி, தொடர்பு. அதற்குத் தனி நிதி உண்டு. எத்தனை பிளெக்ஸ், எத்தனை துண்டுப் பிரசுரம், எத்தனை விழிப்புணர்வுப் பேரணி என்று கணக்கு கேட்பார்கள். வெயிலில் பள்ளிப் பிள்ளைகளை நடக்கவிட்டு கொசு ஒழிப்பு கோஷம் போட வைப்பதால் எந்தக் கொசுவுக்கு என்ன ஆகிறது என்று யாரும் கேட்பதில்லை. வங்கதேசத்தில் பிராக் என்ற அமைப்பு 1980-ல் வேறு மாதிரி கணக்கு கேட்டது. வயிற்றுப்போக்குக்கு வீட்டிலேயே உப்புக் கரைசல் செய்யத் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுக்கும் வேலை. மூன்று விரலால் அள்ளிய உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர். சில வாரம் கழித்து வேறொருவர் போய் அந்தத் தாயிடம் கேட்பார். அவளுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கற்றுக்கொடுத்தவருக்குக் கூலி. ஞாபகம் நன்றாகவே இருந்தது, ஆனால் முதலில் பயன்படுத்தியவர்கள் குறைவு. ஏன் என்று தோண்டிப் பார்த்தால், கற்றுக்கொடுக்கப் போன பெண்களில் பலருக்கே கரைசல் மேல் நம்பிக்கை இல்லை. தங்கள் வயிற்றுக்கு மாத்திரைதான் வாங்கியிருக்கிறார்கள். முதலில் அவர்களை நம்ப வைத்தார்கள். வீட்டு ஆண்களிடம் பேச மசூதிக்கும் சந்தைக்கும் ஆள் போனது. பத்து வருடத்தில் ஒரு கோடியே இருபது லட்சம் வீடுகளுக்கு மேல்.

அந்தக் கரைசலின் பாக்கெட் வடிவம்தான் நம் ஓ.ஆர்.எஸ். 1971-ல் வங்க அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் பங்கானில் டாக்டர் திலீப் மஹலானபிஸ் பீப்பாய் பீப்பாயாகக் கரைத்து உறவினர்கள் கையாலேயே புகட்ட வைத்த அதே சரக்கு. எழுத்து மூன்றும் ஜனங்கள் வாயில் அவ்வளவு பழகிவிட்டதால், சர்க்கரை தூக்கலான ஜூஸ்கள் அந்த மூன்று எழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு மருந்துக் கடைக்கே வந்துவிட்டன. ஐதராபாத் குழந்தை மருத்துவர் ஒருவர் பல வருடம் போராடிய பிறகு, 2025 அக்டோபரில்தான் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரை அப்படிப் பயன்படுத்தக் கூடாது என்றது.

பாக்கெட் சரியானதாக இருந்தாலும் இன்னொரு வழுக்கல் உண்டு. பெரிய பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டருக்கு. பிள்ளைக்கு எதற்கு ஒரு லிட்டர் என்று டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு ஏறிப்போய் ஆபத்து. போன வருடம் அக்கா மகனுக்கு வயிற்றால் போனபோது ஊருக்கு வரும் நர்சம்மா இரண்டு பாக்கெட்டும் ஜிங்க் மாத்திரையும் கொடுத்தார். கொடுத்துவிட்டுக் கிளம்பவில்லை.

"எதுல கரைப்பே, எடுத்துட்டு வா பாப்போம்."

அக்கா எவர்சில்வர் டம்ளரைக் கொண்டுவந்தாள். நர்சம்மா ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்து, காலியாக இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து அவள் கையில் கொடுத்தார். பாக்கெட்டைப் பிரித்துக் கரைக்கும் வரை நின்று பார்த்தார்.

"இப்ப நீ எனக்குச் சொல்லிக்குடு. உன் நாத்தனார் கேட்டா எப்படிச் சொல்லுவே, அப்படி."

அக்கா வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்: கொதிச்சு ஆறின தண்ணி, பாட்டில் ரொம்ப, முழு பாக்கெட், ஒவ்வொரு தடவை போனதும் ஸ்பூன் ஸ்பூனா.

"ராத்திரி மிச்சமிருந்தா?"

"வச்சுக்கலாம். நாளைக்கு இந்நேரத்துக்கு மேல ஆனா கொட்டிடணும்."

"சரி" என்று செருப்பை மாட்டிக்கொண்டு நர்சம்மா அடுத்த வீட்டுக்குப் போனார்.